இறக்குமதிப் பாலுக்கும் இறைச்சிக்கும் உள்ள சோதனைகள்: கறவை மாடு வைத்திருப்போர் அறிய வேண்டியவை

(வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் சேதராப்பட்டு வட்டார விவசாயிகளுக்காக ஆற்றிய வானொலி உரை)



வெளிநாட்டிலிருந்து வருகிற பால் பொருள்களையும் இறைச்சியையும் நம் நாட்டில் எப்படிச் சோதிக்கிறார்கள், அந்த டப்பாவின் மேல் என்னென்ன எழுதியிருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, இதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள். சேதராப்பட்டில் இரண்டு மாடு வைத்துச் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிறவருக்கு இது எதற்கு என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது.

கொஞ்ச நாளைக்கு முன்னால் தொண்டமாநத்தம் பக்கம் ஒரு விவசாயிகள் கூட்டம். மணிலா விதை பற்றிப் பேசி முடித்தபோது ஓர் அம்மா எழுந்து கேட்டார்: "சார், டவுன்ல பெரிய கடையில வெளிநாட்டு வெண்ணெய், சீஸ் எல்லாம் அடுக்கி வச்சிருக்காங்க. அதையெல்லாம் யாராவது சோதிக்கிறாங்களா? நம்ம பாலை மட்டும்தான் மெஷின்ல வச்சுப் பார்த்துட்டு, சத்து கம்மின்னு காசைக் குறைக்கிறாங்க." நியாயமான கேள்வி. அன்று இரண்டு வார்த்தையில் பதில் சொன்னேன். இன்று விவரமாகச் சொல்கிறேன். நான் பயிர்த்துறைக்காரன், மாட்டு வைத்தியன் அல்ல. ஆனாலும் மாட்டுக்குப் போகிற தீனி வயலிலிருந்துதானே போகிறது?

முதலில் ஒன்று. வெளிநாட்டுப் பால் நமக்குப் புதிதல்ல. 1970-ல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியபோது, ஐரோப்பிய நாடுகள் உலக உணவுத் திட்டத்தின் வழியாக 1,26,000 டன் பால் பவுடரும் 42,000 டன் வெண்ணெய் எண்ணெயும் இனாமாகக் கொடுக்க ஒப்புக்கொண்டன. அதைச் சும்மா பங்கிட்டிருந்தால் நம் ஊர்ப் பாலுக்கு விலையே கிடைத்திருக்காது. டாக்டர் குரியனும் அவரோடு இருந்தவர்களும் அதை விலைக்கு விற்று, அந்தப் பணத்தைக் கூட்டுறவுப் பால் பண்ணைகளுக்குப் போட்டார்கள். 1998 முதல் உலகத்தில் அதிகம் பால் உற்பத்தி செய்கிற நாடு நம் நாடுதான். 2023-24-ல் சுமார் 23.9 கோடி டன். ஆகவே வெளிநாட்டுப் பால் இன்று நம் தேவைக்காக வருவதை விட, வியாபாரத்துக்காக வருவதுதான் அதிகம். வெண்ணெய், பாலாடைக்கட்டி, குழந்தை உணவுக்கான மூலப்பொருள்கள், உயர்ந்த ஹோட்டல்களுக்கான இறைச்சி, இப்படி.

இதற்கான சட்டம் பழைய சட்டம். 1898-ல் வெள்ளைக்காரர் ஆட்சியில் கால்நடை இறக்குமதிச் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். கப்பலில் வரும் குதிரை, மாடு நோயைக் கொண்டுவந்துவிடக் கூடாது என்பதற்காக. உயிருள்ள பிராணிகளுக்குத்தான் அது. பால், இறைச்சி, முட்டை எல்லாம் அதில் கிடையாது. 2001 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தப்படி, மிச்சமிருந்த 715 பொருள்களின் மேல் இருந்த இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகளை நம் நாடு எடுத்துவிட்டது. கதவைத் திறந்தால் காவல் வைக்க வேண்டுமல்லவா? அதே 2001-ல் அந்தப் பழைய சட்டத்தைத் திருத்தி, கால்நடையிலிருந்து கிடைக்கும் பொருள்களையும் சேர்த்தார்கள்.

இப்போது நடைமுறையைப் பாருங்கள். ஒரு வியாபாரி வெளிநாட்டிலிருந்து வெண்ணெய் வரவழைக்க விரும்புகிறார் என்றால், சரக்கு அங்கே கப்பல் ஏறுவதற்கு முன்பே டில்லியில் உள்ள மத்திய கால்நடைப் பராமரிப்புத் துறையிடம் சுகாதார இறக்குமதி அனுமதி வாங்க வேண்டும். அனுப்புகிற நாட்டின் அரசாங்கக் கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட சான்றிதழ் சரக்கோடு வர வேண்டும். எந்தத் துறைமுகத்திலும் இறக்கிவிட முடியாது. கால்நடைத் தடுப்புக்காப்பு நிலையம் உள்ள இடங்களில்தான் இறக்கலாம். நமக்குப் பக்கத்தில் என்றால் சென்னை. அந்த நிலையம் பள்ளிக்கரணையில் இருக்கிறது. அதன் அதிகாரிகள் நோய் சம்பந்தமாகப் பார்ப்பார்கள்.

அது முடிந்தால் அடுத்த சோதனை, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தினுடையது. 2006-ல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டமும், 2017-ல் வந்த இறக்குமதி ஒழுங்குமுறைகளும் இதற்கு ஆதாரம். முதலில் காகிதங்களைப் பார்ப்பார்கள். பிறகு சரக்கை நேரில் பார்ப்பார்கள்: பெட்டி நசுங்கியிருக்கிறதா, குளிர் குறைந்திருக்கிறதா, பூச்சி இருக்கிறதா, லேபிள் சரியா. அதன் பிறகு இரண்டு மாதிரி எடுத்து முத்திரை வைத்து, ஒன்றை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். ஐந்து நாளில் அறிக்கை வர வேண்டும். தேறினால் தடையில்லாச் சான்று. தேறாவிட்டால் சரக்கு திரும்பிப் போக வேண்டும், இல்லை அழிக்கப்பட வேண்டும். வியாபாரிக்கு ஆட்சேபம் இருந்தால் இரண்டாவது மாதிரியை மேல் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பக் கேட்கலாம். அதற்காகத்தான் இரண்டு எடுப்பது.

மாட்டிறைச்சி எந்த ரூபத்திலும் நம் நாட்டுக்குள் இறக்குமதி செய்யக் கூடாது என்பது தனி விதி. வெளிநாட்டு எண்ணெய், பதப்படுத்திய உணவு இவற்றில்கூட அது கலக்கவில்லை என்று எழுதித் தர வேண்டும். பாலாடைக்கட்டிக்கும் ஒரு நிபந்தனை உண்டு. சில நாடுகளில் பாலை உறைய வைக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளைப் போடுவார்கள். அப்படிச் செய்தது இங்கே வர முடியாது. நம் பக்கத்தில் ஆரோவில்லில் பாலாடைக்கட்டி செய்கிறார்களே, அந்தத் தொழில் தெரிந்தவர்களைக் கேட்டால் இந்த உறை விஷயத்தை நன்றாக விளக்குவார்கள்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்கலாம். நடந்ததைச் சொல்கிறேன்.

1986-ல் இங்கிலாந்தில் மாடுகளுக்கு ஒரு விசித்திரமான நோய் கண்டது. மாடு தள்ளாடும், மிரளும், விழுந்து சாகும். பைத்திய மாட்டு நோய் என்று பெயர் வைத்தார்கள். காரணம் தீனியில் இருந்தது. செத்த மாடு, ஆடுகளின் எலும்பையும் கழிவு மாமிசத்தையும் அரைத்துத் தூளாக்கி, புரதம் மலிவாகக் கிடைக்கிறது என்று மாட்டுக்கே போட்டிருக்கிறார்கள். புல் தின்னும் ஜீவனுக்கு மாமிசம்! 1996-ல் அந்த நோய் மனிதரையும் தாக்கக் கூடியது என்று தெரிந்தது. லட்சக்கணக்கான மாடுகளைக் கொன்று எரித்தார்கள். அதனால்தான் நம் நாடு, "மாமிசத் தூள், ரத்தத் தூள், உள்ளுறுப்பு எதுவும் இந்தப் பாலைக் கொடுத்த மாடுகளுக்கு ஒருநாளும் போடப்படவில்லை" என்று சான்று கேட்கிறது. அமெரிக்கா இந்தச் சான்று தேவையில்லை என்று பல வருஷமாக வாதாடி வருகிறது. 2019-ல் அவர்கள் நமக்குக் கொடுத்திருந்த வரிச் சலுகையை நிறுத்தியதற்குச் சொன்ன காரணங்களில் பால் விவகாரமும் ஒன்று. நம் அரசாங்கம் அந்தச் சான்றை விட்டுக்கொடுக்காததை நான் சரியென்றே சொல்வேன்.

அடுத்தது 2008, சீனா. அங்கே பாலில் தண்ணீர் கலந்து, புரதம் குறைந்தது தெரியாமலிருக்க மெலமைன் என்ற ரசாயனத்தைச் சேர்த்துவிட்டார்கள். பிளாஸ்டிக் தட்டு செய்கிற சாமான் அது. அதில் நைட்ரஜன் நிறைய. அந்தக் காலப் பரிசோதனை நைட்ரஜனை அளந்துதான் புரதத்தைக் கணக்கிடும். ஆக, மெஷின் ஏமாந்தது. சுமார் 3 லட்சம் குழந்தைகள் நோயில் விழுந்தார்கள். ஆறு குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு இறந்தன. அதே 2008 செப்டம்பரில் நம் நாடு சீனப் பால் பொருள்களுக்குத் தடை போட்டது. பிறகு அந்தத் தடையை மறுபடி மறுபடி நீட்டித்தார்கள். 2019-ல், நம் துறைமுக ஆய்வுக்கூடங்கள் எல்லாம் மெலமைனைக் கண்டுபிடிக்கத் தகுதி பெறும் வரையில் தடை இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

இன்னொரு சம்பவம் பயிர்த்துறைக்காரனான எனக்கு மிகவும் பிடித்த பாடம். இலங்கையில் பெரும்பாலான வீடுகளில் நியூசிலாந்துப் பால் பவுடரில்தான் தேநீர். 2013-ல் அந்தப் பவுடரில் டி.சி.டி. என்ற பொருள் இருப்பதாகச் சொல்லி, ஆகஸ்டு மாதம் இலங்கை அரசு சில சரக்கைத் திரும்பப் பெற உத்தரவு போட்டது. அது பாலில் யாரும் கலந்ததல்ல. மேய்ச்சல் நிலத்தில் போட்ட உரத்தின் தழைச்சத்து வீணாகாமல் இருக்கப் புல்லின் மேல் தெளித்த மருந்து. நாம் வேம்பு கலந்த யூரியா போடுகிறோமே, ஏறக்குறைய அதே வேலையைச் செய்வது. புல்லில் விழுந்தது மாட்டுக்குப் போனது, மாட்டிலிருந்து பாலுக்கு, பாலிலிருந்து பவுடருக்கு, கடல் தாண்டி யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கோப்பைக்கு. அந்த அளவில் அது கெடுதல் செய்யும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் 2013 ஜனவரியிலேயே நியூசிலாந்தில் அந்த மருந்தின் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். வயலில் போடுவது பாத்திரத்தில் வந்து சேரும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

எல்லாச் சந்தேகமும் உண்மையாகிவிடுவதும் இல்லை. 1986 ஏப்ரலில் அன்றைய சோவியத் யூனியனில் செர்னோபில் அணு உலை வெடித்து, கதிர்வீச்சுத் தூசி ஐரோப்பா முழுவதும் படிந்தது. அதன் பிறகு அயர்லாந்திலிருந்து பம்பாய்க்கு வந்த வெண்ணெயை விற்கக் கூடாது என்று சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். சுப்ரீம் கோர்ட் நிபுணர் குழு ஒன்றைப் போட்டு, அது சாப்பிடத் தகுந்ததுதான் என்று 1988-ல் முடிவு சொன்னது. சந்தேகத்தைச் சோதித்துத் தீர்த்துக்கொள்வதுதான் முறை.

இனி லேபிள். டவுன் கடையில் வெளிநாட்டு டப்பா கையில் கிடைத்தால் என்ன பார்ப்பது? எந்த நாட்டில் செய்தது, உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது, எடை, தொகுதி எண், செய்த தேதி, எந்தத் தேதிக்குள் உபயோகிக்க வேண்டும், எந்தக் குளிரில் வைக்க வேண்டும், இவையெல்லாம் இருக்க வேண்டும். நம் நாட்டில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, 14 இலக்க உரிம எண், அதிகபட்ச விலை இவையும் அவசியம். சைவமானால் சதுரத்துக்குள் பச்சை வட்டம். அசைவமானால் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். முன்பு அதுவும் வட்டமாகத்தான் இருந்தது. நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்காக முக்கோணமாக மாற்றினார்கள். நல்ல மாற்றம்.

இறக்குமதியாளர் பெயர், உரிம எண், சைவ அசைவக் குறி இவை விட்டுப்போயிருந்தால் சுங்கக் கிடங்கிலேயே ஸ்டிக்கர் ஒட்டிச் சரிசெய்ய அனுமதி உண்டு. தேதிக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே தேதியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் வாங்காதீர்கள். இன்னொரு விதி: சரக்கு துறைமுகத்தில் இறங்கும்போது, அதன் ஆயுளில் நூற்றுக்கு 60 பங்கோ அல்லது மூன்று மாதமோ, எது குறைவோ அவ்வளவாவது மிச்சம் இருக்க வேண்டும். நான்கு மாதம் தாங்கும் பாலாடைக்கட்டி என்றால் குறைந்தது 72 நாள். காலாவதியாகப் போகிற சரக்கை நம் தலையில் கட்டுவதைத் தடுக்கத்தான் இது.

எனக்கு இதில் ஒரு குறை உண்டு. இந்த லேபிள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது சட்டம். தமிழில் இருக்கலாம், இருக்க வேண்டும் என்பதில்லை. பிள்ளைக்குப் பால் பவுடர் வாங்குகிற நம் ஊர்த் தாய் அதை எப்படிப் படிப்பாள்? படம் போட்ட குறி ஒன்றுதான் அவளுக்குத் துணை. ஐஸ்கிரீம் என்று நினைத்து வாங்குவதில் பல, பாமாயில் போன்ற தாவர எண்ணெயில் செய்த உறைந்த இனிப்பு. பால் கொழுப்பு இல்லாததை ஐஸ்கிரீம் என்று எழுதக் கூடாது, வேறு பெயர்தான் எழுத வேண்டும். ஆனால் அந்தப் பெயரும் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில்! அதில் நஷ்டம் பால்காரருக்கு.

சரி, வெளிநாட்டுக்காரனுக்கு இத்தனை விதி போட்டாகிவிட்டது, நமக்கென்ன என்று இருந்துவிட முடியுமா? முடியாது. இதற்கு ஒரு வழக்கே நடந்தது. அமெரிக்காவில் பறவைக் காய்ச்சல் என்று சொல்லி நம் நாடு அங்கிருந்து வரும் கோழி இறைச்சியை 2007 முதல் தடுத்தது. அமெரிக்கா உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. 2015 ஜூனில் நமக்கு எதிராக மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது. காரணங்களில் ஒன்றைக் கேளுங்கள். நம் நாட்டில் ஓர் ஊரில் நோய் வந்தால் சுற்றுவட்டாரத்தில் சில கிலோமீட்டர் தூரத்துக்குத்தான் தடை. அவர்கள் நாட்டில் ஒரு மூலையில் வந்தால் நாடு முழுவதற்கும் தடை. இது ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று சொல்லிவிட்டார்கள். அதாவது, வந்தவனுக்கு வைக்கிற தராசை வீட்டுக்காரனுக்கும் வைக்க வேண்டும். மாட்டுக்கு மாமிசத் தூள் போடக் கூடாது என்ற விதியை 2020-ல் நம் ஊர் மாடுகளுக்கும் ஆணையம் உத்தரவாகவே போட்டுவிட்டது.

2019 நவம்பரில், நியூசிலாந்துப் பால் வந்து குவிந்துவிடும் என்ற பயமும் சேர்ந்து, ஆசிய நாடுகளின் பெரிய வர்த்தக ஒப்பந்தத்தில் சேராமல் நம் நாடு விலகியது. 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்திட்ட ஒப்பந்தத்திலும் பால் பொருள்களுக்கு வரிச் சலுகை கொடுக்கவில்லை. வரி என்ற வேலி இன்றைக்கு இருக்கிறது. அது என்றைக்கும் இவ்வளவு உயரமாகவே இருக்கும் என்று எழுதிக் கொடுக்க யாராலும் முடியாது. தரம் என்ற வேலியில் நம் பக்கத்திலேயே ஓட்டை இருந்தால் என்ன ஆகும்? அந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்றுதான் இனிச் சொல்லப்போகிறேன்.

2018-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. அடுத்த வருஷம் அறிக்கை வந்தது. யூரியா, சோப்புத் தூள் போன்ற ஆபத்தான கலப்படம் இருந்தது வெறும் 12 மாதிரிகளில். நம் ஜனங்கள் பயப்படுவது அதற்குத்தான். ஆனால் அஃப்லாடாக்சின் எம்-1 என்ற பூஞ்சண விஷம் அளவுக்கு மேல் இருந்தது 368 மாதிரிகளில். அதில் முதலிடம் எது தெரியுமா? தமிழ்நாடு. 551 மாதிரிகளில் 88. நமக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு வரப்புதான். சேதராப்பட்டிலிருந்து வானூர்ப் பக்கம் போனால் எது நம் நிலம், எது தமிழ்நாடு என்று மாட்டுக்குத் தெரியாது. தீனியும் ஒன்றேதான்.

இந்த விஷத்தின் கதையும் இறக்குமதியில்தான் ஆரம்பித்தது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென்று செத்து விழுந்தன. காரணம் தெரியாமல் திகைத்தார்கள். கடைசியில் பிரேசில் நாட்டிலிருந்து வந்த மணிலாப் புண்ணாக்கில் ஒரு பூஞ்சணம் விஷத்தை உண்டாக்கியிருந்தது தெரிந்தது. நாம் மல்லாட்டை என்கிறோமே, அதேதான். அந்தப் பூஞ்சணத்தின் பெயரிலிருந்து அஃப்லாடாக்சின் என்று வைத்தார்கள். ஈரலைக் கெடுக்கும். நாள்பட்டால் ஈரலில் புற்றுநோய் உண்டாக்கும். மாடு அந்தப் புண்ணாக்கைத் தின்றால் விஷத்தில் ஒரு பங்கு ரூபம் மாறிப் பாலில் இறங்குகிறது. தின்ற மறுநாளே பாலில் தெரியும். காய்ச்சினால் போகாது. பண்ணையில் சூடேற்றிப் பதப்படுத்தினாலும் போகாது.

நம் நாட்டில் அனுமதித்த அளவு ஒரு கிலோ பாலில் அரை மைக்ரோகிராம். ஒரு கிராமை இருபது லட்சம் பங்காக்கி அதில் ஒரு பங்கு. துறைமுகத்தில் வெளிநாட்டுப் பாலுக்கும் அதே அளவுதான். ஐரோப்பாவில் இதிலும் பத்தில் ஒரு பங்குதான் அனுமதி. "இவ்வளவு துளியா? நம் பாலில் எங்கே அதெல்லாம்" என்று நினைக்காதீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கு, கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் விஷம் உள்ளது என்று வையுங்கள். மாட்டுக்கு நாளைக்கு 2 கிலோ வைக்கிறீர்கள். 200 மைக்ரோகிராம் உள்ளே போகிறது. நூற்றில் ஒன்று முதல் ஆறு பங்கு வரை பாலில் வரலாம். இரண்டு பங்கு என்றே வைப்போம். 4 மைக்ரோகிராம். மாடு 8 லிட்டர் கறந்தால் லிட்டருக்கு அரை மைக்ரோகிராம். எல்லைக்கோட்டில் நிற்கிறோம்! புண்ணாக்கு இன்னும் கொஞ்சம் மோசமானால் தாண்டிவிட்டோம். கலப்புத் தீவனத்துக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வைத்திருக்கும் அளவு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம்தான் என்பதையும் இதோடு வைத்துப் பாருங்கள்.

ஆகவே மல்லாட்டைக் காயிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். மார்கழிப் பட்டத்து மணிலாவில் கடைசி மூன்று வாரம் நிலம் காய்ந்து வெடித்தால் காயில் கீறல் விழும், அந்தக் கீறல் வழியாகப் பூஞ்சணம் நுழையும். முடிந்தவர்கள் அப்போது ஒரு தண்ணீர் கட்டுங்கள். ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைத்தவர்களின் காய் ஓடு கெட்டியாக இருக்கும், அதிகம் கெடாது. பிடுங்கிய செடியை ஈரத்தோடு அம்பாரமாகப் போட்டு வைக்காதீர்கள். காயை நன்றாகக் காயவைத்து, குலுக்கினால் பருப்பு ஓட்டுக்குள் ஆடிச் சத்தம் கேட்கிற பதத்தில், ஈரம் நூற்றுக்கு 8 பங்குக்கு மேல் இல்லாமல் மூட்டை கட்டுங்கள். கையால் உரிக்கச் சுலபமாக இருக்கும் என்று காயில் தண்ணீர் தெளிக்கிறார்களே, அந்தப் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். பூஞ்சணத்துக்கு அழைப்பு வைப்பது அதுதான்.

இன்னொன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. நல்ல பருப்பை விற்றுவிட்டு, சுருங்கியது, கறுத்தது, சொத்தை விழுந்தது எல்லாவற்றையும் ஒதுக்கிச் செக்குக்கு அனுப்புகிறோம். எண்ணெய் பிழிந்த பிறகு விஷத்தில் பெரும்பகுதி புண்ணாக்கிலேயே தங்கிவிடுகிறது. அந்தப் புண்ணாக்கு வீட்டுக்குத் திரும்பி வருகிறது. யாருக்கு? நம் பிள்ளைக்குப் பால் கொடுக்கிற மாட்டுக்கு. சிக்கனம் என்று செய்வது எங்கே போய் முடிகிறது பாருங்கள். கறுத்த பருப்பைக் குழியில் போட்டு மூடுங்கள். கோழிக்கும் போடாதீர்கள்.

புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் எதுவானாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் பத்துப் பதினைந்து நாள் தேவைக்கு மேல் வாங்கி அடுக்காதீர்கள். மூட்டையைப் பலகை மேல், சுவரில் ஒட்டாமல் வையுங்கள். சாம்பல் பச்சையாகப் பூத்த இடத்தை மட்டும் தட்டிவிட்டு மிச்சத்தைப் போடுவது பிரயோஜனமில்லை. கண்ணுக்குத் தெரிவது பூஞ்சணம், தெரியாதது விஷம். போரில் மழை இறங்கிக் கறுத்த வைக்கோலும் வேண்டாம். கெட்ட தீனியை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் பால் சுத்தமாகிவிடும். அதுவரைக்கும் நல்ல செய்திதான்.

இரண்டாவது ஓட்டை, ஊசி மருந்து. அதே ஆய்வில் 77 மாதிரிகளில் நோய்க்கிருமிக் கொல்லி மருந்து அளவுக்கு மேல் இருந்தது. மடிவீக்கத்துக்கு ஊசி போட்ட மாட்டின் பாலில் உறை ஊற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தயிர் சரியாகத் தோயாது. உறையிலிருக்கும் நல்ல கிருமியை மருந்து கொன்றுவிடுகிறது. அதைத்தான் குடிக்கிறவர்களும் குடிக்கிறார்கள்.

இதற்கும் ஒரு லேபிள் விதி இருக்கிறது. 2012 ஜனவரியில் மருந்து விதிகளைத் திருத்தினார்கள். பால், இறைச்சி, முட்டைக்காக வளர்க்கும் பிராணிகளுக்கான மருந்துப் பெட்டியில், மருந்து கொடுத்த பிறகு எத்தனை நாள் பாலை உபயோகிக்கக் கூடாது என்று எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லையென்றால் பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள் என்று கொள்ள வேண்டும். ஆகவே டாக்டர் ஊசி போட்டுவிட்டுப் போனதும் காலிப் புட்டியை வீசி எறியாதீர்கள். எத்தனை நாள் என்று அவரையே கேட்டு, தேதியைக் கொட்டகைத் தூணில் சுண்ணாம்பால் எழுதிவையுங்கள். ஒரு காம்புக்குத்தான் மருந்து ஏற்றினோம், மற்ற மூன்று காம்பின் பாலை ஊற்றலாம் என்பது தப்பு. நான்கு காம்பின் பாலும் ஆகாது.

8 லிட்டர் கறக்கிற மாட்டுக்கு 7 நாள் என்றால் 56 லிட்டர். அந்தப் பணம்தான் சங்கத்துச் சம்பளமாக வீட்டுக்கு வருவது. அதைக் கீழே கொட்டு என்று சொல்வது எனக்கு எளிது, கொட்டுகிறவருக்கு அல்ல என்பது எனக்குத் தெரியும். இந்த நஷ்டத்தில் ஒரு பங்கையாவது ஈடுகட்ட ஒரு ஏற்பாடு வேண்டும் என்பது என் சொந்த அபிப்பிராயம். சங்கப் பேரவைக் கூட்டத்தில் நீங்களே இதை எழுப்பலாம். நீங்கள் ஊற்றுகிற ஒரு குடம் மருந்துப் பால், நூறு பேர் ஊற்றிய நல்ல பாலோடு கலந்துவிடுகிறது என்பதையும் அதே கூட்டத்தில் பேசத்தான் வேண்டும்.

மடிவீக்கம் வராமல் பார்ப்பது லாபம். கறந்தவுடன் மாடு படுத்தால் காம்புத் துளை திறந்திருக்கும்போதே சாணத்தில் உள்ள கிருமி ஏறும். கறந்து முடித்ததும் தீனி வைத்து அரை மணி நேரம் நிற்க வையுங்கள். பால் திரிந்து, மடி லேசாகச் சூடு காணும் ஆரம்ப நிலையிலேயே, சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து, கொஞ்சமாக எடுத்துத் தண்ணீர் கலந்து, மடி முழுவதும் நாளைக்குப் பல தடவை பூசுங்கள். தேசியப் பால்வள வாரியம் பரப்பி வருகிற முறை இது. இதற்குப் பாலைக் கொட்ட வேண்டியதில்லை. இரண்டு நாளில் குணம் தெரியாவிட்டால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைசியாக ஒரு சந்தேகம் பலர் கேட்பது: "எங்களுக்கும் உரிமம் வேண்டுமா?" முழுப் பாலையும் கூட்டுறவுச் சங்கத்துக்கே ஊற்றுகிற உறுப்பினர்களுக்கு வேண்டாம். வீடு வீடாகவோ டீக்கடைக்கோ விற்கிறவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். தீனி, புண்ணாக்கு பற்றிய சந்தேகங்களுக்குக் குருமாம்பேட்டில் உள்ள காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தையும், மாட்டு நோய்க்கு அங்கேயே உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியையும் அணுகலாம். மணிலா அறுவடைக்கு முன்னால் உங்கள் பகுதி உழவர் உதவியகத்துக்கு ஒரு தடவை வந்துவிட்டுப் போங்கள். காயை உதிர்த்துப் பதம் பார்க்கக் கற்றுத் தருகிறோம்.